பதில் மணி

1

கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது கிடைத்த கதை இது. கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு ஜவுளிக்கடை. ஆகஸ்ட் பிறந்தால் வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் காவி வேட்டி கேட்டு வருவார்கள். வேண்டுதல் என்று வந்துவிட்டால் மாதாவா மாரியாத்தாவா என்று பார்க்கிற ஊரில்லை எங்கள் ஊர். அப்படி வந்த ஒருவர் தொண்டையில் ஆபரேஷன் ஆகிப் பேச்சு போனவர். நான் விலை சொன்னதும் மடியிலிருந்து சைக்கிள் மணியை எடுத்து ஓர் அடி அடித்தார்.

“ஜாஸ்தின்றாரு,” என்றார் பக்கத்திலிருந்த மனைவி. “பேசுன காலத்துல இந்தாளு இத்தினி பேரம் பேசல.”

குறைத்தேன். மறுபடி மணி. அவர் சம்மதித்தபோது எனக்கு மிஞ்சியது வேட்டிக் கரை அகலத்துக்கு லாபம்.

நான் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். பெயர்கள், மலை, இனி வருவதெல்லாம் என் சொந்த நெசவு. [அப்படித்தான் நினைத்திருந்தேன்.]

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘கல்வராயன் மலைமேல் மூடுபனி வெள்ளைச் சேலையைப் போல—’

[வேண்டாம். கடைக்காரன் புத்தி.]

அடுத்தது: ‘வெள்ளிமலையிலிருந்து கண்ணகியும் வீரமுத்துவும் ஆரோக்கியசாமியும் சைக்கிளில் இறங்கத் தொடங்கியபோது விடிந்திருந்தது. ஆனால் எதுவும் தெரியவில்லை.’

இது நிற்கும். ஆரோக்கியசாமி தியாகதுருகத்துக்காரர். வருடா வருடம் வேளாங்கண்ணிக்குச் சைக்கிள் மிதிக்கிறவர். பைபாஸில் போவது சோம்பேறிகள் வேலை, அந்தக் காலத்துப் பாதிரிமார் மலையைத் தாண்டி நடந்த தடம் இதுதான் என்பார். ஆதாரம் கேட்டால் தன் கெண்டைக்காலைத் தட்டிக் காட்டுவார். அவர் பேச்சைக் கேட்டுத்தான் மூவரும் சைக்கிள்களை வேனில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்தார்கள்.

கண்ணகியும் வீரமுத்துவும் கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டுகிற புருஷன் பெண்டாட்டி. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு வீரமுத்துவுக்குக் குரல் இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டருக்கு மேலே கேட்டுப் பார்ப்போம் என்று கண்ணகி நேர்ந்துகொண்டாள். அவர் குரல் திரும்ப வேண்டும், அதற்குத்தான் இந்தப் பயணம்.

மலையிறக்கத்துக்கு ஆரோக்கியசாமி ஒரு சட்டம் வைத்திருந்தார். கடைசியில் வருகிறவர் மணியடிக்க வேண்டும். முன்னால் போகிறவர் பதிலுக்கு அடிக்க வேண்டும். பதில் வராவிட்டால், வரும்வரை கடைசி ஆள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

“வாயில்லாத மனுசனப் போயி கடைசில வுட்றியேண்ணா?”

“நம்ம மூணு பேர்ல அவரு சத்தம்தாம்மா மலைக்கே கேக்குது. நீ பதில் அடிச்சிக்கினே வா, போதும்.”

3

ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருந்து வீரமுத்து அடித்தார், நடுவில் போன கண்ணகியும் அடித்தாள். ஓரிடத்தில் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்ததில் அவள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. பின்னால் மணி. “வந்துக்கினுதான இருக்கேன், சும்மா இருய்யா!” என்று கத்தினாள். பதிலுக்கு அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு மணி வரவில்லை. அது அவளுக்கு உறைத்தபோது வெகுதூரம் இறங்கியிருந்தாள்.

[ஆரோக்கியசாமியை வேகமாக முன்னால் அனுப்பிவிட்டேன். பேசுகிற ஆள் பக்கத்தில் நின்றால் பயம் விலைபோகாது.]

சைக்கிளை நிறுத்திக் காது கொடுத்தாள். அப்போது கீழேயிருந்து ஒரு குரல்.

“கண்ணகி…”

ஆபரேஷனுக்கு முந்தைய குரல். பீடிக் கரகரப்போடு, அப்படியே அவர் குரல். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் இந்த ஒரே ரோடு. அவளைத் தாண்டி யாரும் இறங்கவில்லை.

மேலேயிருந்து ஒரு மணி.

[இந்த மணியை நான் எழுதவில்லை. என் திட்டத்தில் கீழே குரல் மட்டும்தான் இருந்தது. வரியை நீக்கிவிட்டுத் திரும்ப எழுதினேன். அந்த இடம் வந்ததும் மணியும் வந்துவிட்டது.]

4

இரண்டு முடிவுகளை விரித்துப் போடுகிறேன். தொட்டுப் பாருங்கள்.

கண்ணகி கீழே போகிறாள். பாலத்துக் கட்டையில் வீரமுத்து சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். “இன்னா இத்தினி லேட்டு?” என்கிறார். வாயால். மாதாவைப் பார்ப்பதற்கு முன்பே வேண்டுதல் பலித்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பி ஓயாமல் பேசுகிறார். தண்ணீர் குடிக்கும்போது மட்டும் அவர் தொண்டை அசை—

[இதற்கு மேல் எழுத வரவில்லை.]

கண்ணகி மேலே போகிறாள். சட்டத்தை மீறாத மனுஷன் அதே வளைவில் ஒற்றைக் காலை ஊன்றி நிற்கிறார். அல்லது சைக்கிள் மட்டும் நிற்கிறது. அல்லது—

[ஒவ்வொரு தடவையும் பாதி ஏற்றத்தில் பனி என் பக்கத்தை மூடிவிடுகிறது.]

கீழே போனால் அவள் கேட்டது நிச்சயம் கிடைக்கும். மேலே போனால் அவளிடம் இருந்தது கிடைக்கலாம்.

5

அவள் என் முடிவுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழே எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

“யோவ்! இன்னா, பேரு சொல்லிக் கூப்புட்ற?”

பதிலுக்கு நிற்காமல் மேலும் கத்தினாள்.

“கட்டிக்கினு வந்த நாள்லேந்து எம் பேரு அவரு வாயில வந்ததில்ல. ‘இந்தா’ன்னுதான் கூப்புடுவாரு. நீ யாருய்யா?”

எனக்கு இது தெரியாது. கடையில் அவர் அந்த அம்மாவைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கூப்பிட அவருக்கு ஏது குரல்? கண்ணகி என்ற பெயர் நான் வைத்தது. அதைத் தெரிந்த ஆள் ஒருவன்தான். கீழே பனிக்குள் நின்று கூப்பிட்டது யார் என்று இப்போது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அவள் சைக்கிளைத் திருப்பி மேட்டில் தள்ளிக்கொண்டு ஏறுகிறாள். போகிறபோதே மணியடிக்கிறாள். மேலேயிருந்து பதில் வருகிறது. அது கிட்டத்திலா தூரத்திலா என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்த மணியை அடிப்பது யார் என்பதும் தெரியவில்லை. நான் எழுதிய மலை இந்த வளைவோடு முடிகிறது. மேலே அவளோடு போக இனி நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் வியாபாரி வீட்டுப் பிள்ளை. படியிறங்கிப் போகிறவரை இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. எப்படிக் கூப்பிட வேண்டும் என்று இப்போது அவளே சொல்லிக் கொடுத்துவிட்டாள். அவள் திரும்பாமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

“இந்தா…”