ஒதுக்கி வைத்த முட்டை

கோழிக்குஞ்சு பொரிக்கும் அந்தக் கம்பெனியில் அவருக்கு அரைடிகிரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. முட்டை அடுக்கிய மெஷினுக்குள் சூடு முப்பத்தேழரை டிகிரியில் நிற்க வேண்டும். அதில் அரை டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் மனுஷன் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். இருபத்தாறு வருஷமாக இதே குதிப்புதான். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், மெஷினை யார் பார்த்துக்கொள்வது என்பார், சிரிக்காமல்.

கடவுளும் அவருக்கு அந்த மெஷினிலிருந்துதான் கிடைத்தார். ஒரு பெட்டிக்குள் குஞ்சு உருவாகச் சூடு வேண்டும், ஈரம் வேண்டும், மணிக்கொரு தரம் முட்டையைச் சாய்த்துவிட வேண்டும். இத்தனையையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அப்படியிருக்க, சூரியனுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே போனால் பொசுங்கி, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் உறைந்துவிடுகிற இந்தப் பூமி மட்டும் ஆள் இல்லாமலா நடக்கும்? இதுதான் அவர் வாதம். வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே இதைக் கேட்டாக வேண்டும்.

அவருடைய அண்ணன் பக்கத்து ஊரில் அறிவியல் வாத்தியார். தம்பி ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கே சாப்பிடப் போவார். சோறு பாதி, சண்டை பாதி.

“கோடானுகோடி உருண்டை சுத்துதுடா. ஒண்ணுல தண்ணி தங்கிச்சு, நாம வந்தோம். லாட்டரி விழுந்தவன், இந்தச் சீட்டை எனக்குன்னே அச்சடிச்சாங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு உன் கதை,” என்பார் அண்ணன்.

“அச்சடிக்க ஒருத்தன் வேணுமில்ல?” என்பார் இவர்.

அண்ணன் மகன் தட்டிலிருந்து கையை எடுத்து, “சித்தப்பாவுக்கு ஒரு பாயின்ட்,” என்று காற்றில் கோடு போடுவான். அவன் அப்பனுக்கு ஒரு பாயின்ட்கூடக் கொடுத்ததில்லை.

அந்தப் பையன் பத்தொன்பது வயதில் லாரி மோதிச் செத்துப்போனான். அண்ணி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். துக்க வீட்டில் சுவரோரம் உட்கார்ந்திருந்த அண்ணனிடம், ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று இவர் வாயைத் திறந்தார்.

“காரணம் இல்லாம ஆண்டவன் எதையும் செய்யமாட்டான் அண்ணே.”

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். “அப்ப அந்த லாரியை அனுப்பினது அவன்தானா?”

அந்த இடத்திலாவது நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கலாம். “நமக்குப் புரியாத காரணம் ஏதாவது இருக்கும்,” என்றார் அரைடிகிரி.

“வெளிய போ,” என்றார் அண்ணன்.

அதோடு மூன்று வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. இவருக்கு உலகத்தில் சொந்தம் என்று இருந்தது அந்த ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமைகளிலும் இப்போது இவரே டியூட்டி கேட்டு வாங்கிக்கொள்கிறார். அறையில் தனியாக இருந்து விட்டத்தைப் பார்ப்பதற்கு மெஷின் சத்தம் தேவலை.

அன்றும் ஞாயிறுதான். அந்த வாரக் குஞ்சுகள் பன்னிரண்டாயிரமும் காலையிலேயே வண்டியேறிப் போய்விட்டன. கூடம் துடைத்துவிட்டது போலக் காலியாக இருந்தது; அடுத்த வார முட்டைகளோடு மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம், டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மெஷினுக்குப் பின்னாலிருந்து கீச்சென்று சத்தம் கேட்டது. எலி என்று நினைத்து விளக்குமாற்றோடு போனார்.

மெஷினின் வெப்பக்காற்று வெளியேறும் குழாய்க்குக் கீழே ஒரு தட்டு. பதினெட்டாம் நாள் ஒவ்வொரு முட்டையையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். உள்ளே அசைவு இல்லாததைச் செத்தது என்று ஒதுக்கிவிடுவார்கள். இந்தத் தட்டில் இருந்ததை ஒதுக்கியது அரைடிகிரியேதான். குப்பை வாளி நிறைந்திருந்ததால் தட்டை அங்கே செருகிவிட்டு மறந்துபோயிருந்தார். முப்பத்தேழு முட்டைகள். அதில் ஒன்று உடைந்து, ஈரம் காயாத ஒரு குஞ்சு மற்றவற்றின் மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தது.

அவர் ஒரு முட்டையைத் தப்பாகப் பார்த்ததாக அந்தக் கம்பெனியில் பேச்சே கிடையாது. ஆனாலும் முதலில் அவருக்கு வந்தது வெட்கம் இல்லை, சந்தோஷம். பார்த்தாயா, ஆள் இருக்கிறான், தட்டை அங்கே வைக்கச் சொன்னதே அவன்தான் என்று நாக்கு துருதுருத்தது. சொல்லத்தான் ஆள் இல்லை.

குஞ்சைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு, மற்ற முப்பத்தாறையும் விளக்கில் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொன்றாக, இரண்டு தடவை. எல்லாம் செத்ததுதான். கடைசி முட்டையைக் கீழே வைக்கும்போது, அன்றைக்கு அண்ணன் கேட்ட மாதிரியே ஒரு கேள்வி அவர் வாயிலிருந்தே வந்தது. இதைக் காப்பாற்றியது அவன் என்றால், அந்த முப்பத்தாறையும் என்ன செய்தான்?

பதில் தெரியவில்லை. அன்றைக்குத் துக்க வீட்டிலும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்த மாதிரி பேசினார், அவ்வளவுதான். போனை எடுத்தார்.

அண்ணன் நம்பர் மனப்பாடமாகவே இருந்தது.

“யாரு?”

“நான்தான் அண்ணே.”

எதிர்முனையில் வைத்துவிடவில்லை. அதுவே பெரிது.

“ஒரு முட்டை பொரிஞ்சிருக்கு,” என்றார்.

“அதுக்குத்தானே சம்பளம் வாங்கற.”

“செத்ததுன்னு நான் ஒதுக்குனது அண்ணே. தப்பாப் பாத்துட்டேன். உங்க வீட்லயும் அன்னிக்குத் தப்பாப் பேசிட்டேன். காரணம் கீரணம் எதுவும் எனக்குத் தெரியாது. புள்ளையப் பறிகொடுத்தவன்கிட்ட தெரியாத ஒண்ணைத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன்.”

சட்டைக்குள்ளிருந்து குஞ்சு விடாமல் கத்தியது.

“அது ஏன் அப்படிக் கத்துது?” என்றார் அண்ணன்.

“தனியா இருக்கு. கூடப் பொறந்ததெல்லாம் காலையிலயே போயாச்சு.”

“எதிர்ல ஒரு கண்ணாடி வை. துணைக்கு ஒண்ணு இருக்குன்னு நெனச்சு அடங்கும்.”

“குஞ்சு வளக்கறது நான். உங்களுக்கு எப்படி இதெல்லாம்?”

“சாப்பிட உக்காரும்போது நான் அப்படித்தான் வச்சுக்கறேன்.”

மெஷினில் சூடு எவ்வளவு என்று அந்த ஒரு நிமிஷம் அரைடிகிரி பார்க்கவில்லை.

“நாலு மணிக்கு மாத்து ஆள் வந்துடுவான் அண்ணே. அஞ்சு மணி பஸ்ஸுல இதையும் எடுத்துட்டு வரேன்.”

வா என்று அண்ணன் சொல்லவில்லை.

“அப்ப நான் கண்ணாடியை எடுத்து உள்ள வச்சுடறேன்,” என்றார்.