வீட்டுத் தூதர் ராஜினாமா

எங்க வீட்டுல அப்பாவும் அம்மாவும் சண்டையே போட மாட்டாங்க. உடனே 'அடடா'ன்னு சொல்லாதீங்க, முழுசாக் கேளுங்க. சண்டை போடணும்னா பேசணுமே, இவங்க பேசுறதே இல்லை. ஒருத்தர் ஹாலுக்கு வந்தா இன்னொருத்தருக்குச் சமையல்கட்டுல அவசர வேலை வந்துடும். நடுவுல நான் ஒருத்தி. பதிமூணு வயசு, சம்பளமில்லாத உத்தியோகம். "உங்கப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீரப் போகுது." ஹாலுக்கு ஓடு. "உங்கம்மாகிட்ட சொல்லு, நேத்தே புக் பண்ணிட்டேன்." சமையல்கட்டுக்கு ஓடு.

ஆரம்பத்துல நான் நேர்மையான தூதர்தான். கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். ஆனா எல்லாம் வறட்டுப் பேச்சு. அதைத் தூக்கிட்டுப் போய் இறக்கி வைக்கிறதுக்குள்ள எனக்கே வாய் கசந்துடும். ஒருநாள் அம்மா, "பட்டன் அறுந்த சட்டையோட ஆபீஸ் போறாரே, மானம் போகுதுன்னு சொல்லு"ன்னாங்க. நான் போய், "அப்பா, இந்த நீலச் சட்டை உங்களுக்கு எடுப்பா இருக்காம். தயவுசெய்து பட்டனை மட்டும் தைச்சுக்கச் சொன்னாங்க"ன்னேன். அப்பா நேரா கண்ணாடி முன்னாடி போய் நின்னு, இருக்கிற நாலு முடியை ஒருதடவை சீவிக்கிட்டாரு.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அப்பா "சாப்பாட்டுல உப்பு ஜாஸ்தி"ன்னா, "உன் கைமணம் மாறவே இல்லையாம்மா"ன்னு கொண்டு போய்க் குடுப்பேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணி வைக்கலாம்னு சொல்வாங்க. நான் ஏற்கெனவே நடந்து முடிஞ்ச கல்யாணத்துக்குச் சொல்லிட்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பழக்கம் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்துடுச்சு. அங்க கணக்கு டீச்சருக்கும் விளையாட்டு மாஸ்டருக்கும் ஆகவே ஆகாது. நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "உங்களை மாதிரி கட்டுப்பாடா வகுப்பு நடத்த யாராலயும் முடியாதுன்னு கணக்கு டீச்சர் சொன்னாங்க சார்"னு ஒரு வார்த்தை விட்டேன். மனுஷன் உருகிப் போய், எங்க விளையாட்டுப் பீரியடைத் தூக்கிக் கணக்கு டீச்சருக்கே தானம் குடுத்துட்டாரு! வகுப்பே என்னைக் கொன்னு போட வந்துது. விசாரிச்சதுல குட்டு உடைஞ்சுது. "இந்தப் பொண்ணு மூச்சு விடுற மாதிரி பொய் சொல்றா"ன்னு தலைமை ஆசிரியை சொல்லி, பிள்ளைங்க மனசைப் பார்க்கிற இடம் ஒண்ணுக்கு எங்க மூணு பேரையும் அனுப்பி வெச்சாங்க.

அது ஒரு கண்ணாடிக் கடைக்கு மேல மாடி. எனக்கு ஒரு மேடம். அப்பா அம்மாவுக்குப் பக்கத்து ரூம்ல ஒரு சார். பிள்ளைங்களைப் பார்க்கிறவங்க வேற, பெத்தவங்களைப் பார்க்கிறவங்க வேற, அதுதான் அங்க முறையாம். எங்க மேடம் பேசுறதைவிட 'ம்ம்ம்'னு சொல்றதுதான் அதிகம். அதனால அவங்க பேரு ம்ம்ம் மேடம்.

முதல் நாளே எனக்கு ஒரு பெட்டியை நீட்டினாங்க. அங்க வர்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பெட்டி, தனிப் பூட்டு. என் பெட்டியை வேற யாரும் தொடக் கூடாது. திறந்து பார்த்தா சின்னச் சின்ன மனுஷ பொம்மை, ஆடு, மாடு, களிமண், கயிறு. "நான் என்ன எல்.கே.ஜி.யா?"ன்னேன்.

"உன்னைச் சின்னப் பிள்ளையா நினைச்சுட்டேன்னு கோபம்"னாங்க.

"எனக்குக் கோபமெல்லாம் இல்லை!"ன்னு கோபமாச் சொன்னேன்.

"ம்ம்ம்"னாங்க.

எதைக் கேட்டாலும் நேர்ப் பதில் வராது. "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா மேடம்?"னா, "இருந்தா எப்படி இருக்கும்னு யோசிக்கிறே?"ன்னு திருப்பி நம்ம தலையிலேயே கட்டிடுவாங்க. சரியான கல்லுளிமங்கி! ஐம்பது நிமிஷம் ஆச்சுன்னா, அரை வாக்கியத்துல இருந்தாலும் எழுந்து கதவைத் திறந்துடுவாங்க.

"நீ இங்க சொல்றதை நான் வீட்டுல போய்ச் சொல்ல மாட்டேன்"னு வேற சொன்னாங்க. இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன் நான்! சோதிச்சுப் பார்த்துடலாம்னு, "எங்கம்மா அப்பா கல்யாண ஆல்பத்துல எல்லாருக்கும் மீசை வரைஞ்சுட்டேன். எங்கம்மாவுக்கும் சேர்த்து"ன்னு ஒரு பச்சைப் பொய்யை அவிழ்த்து விட்டேன். விஷயம் வீட்டுக்குப் போச்சுன்னா அம்மா முதல்ல ஆல்பம் இருக்கிற அலமாரியைத்தானே திறப்பாங்க? காத்திருந்தேன், காத்திருந்தேன், அலமாரிப் பக்கமே யாரும் போகலை. சரி, இந்தம்மா ரகசியம் காக்கிற ஆள்தான்னு அப்புறம்தான் கொஞ்சம் வாயைத் திறந்தேன்.

பொம்மையைத் தொட மாட்டேன்னு சபதம் போட்டிருந்தேனே தவிர, கை சும்மா இருக்கலை. ஒருநாள் பேசிட்டே அப்பா பொம்மையை மேஜையோட ஒரு மூலையில வெச்சேன், அம்மா பொம்மையை எதிர் மூலையில. நடுவுல ஒரு பொண்ணு, அங்கேயும் இங்கேயும் ஓடிட்டிருந்தா.

"இந்தப் பொண்ணு உட்காரவே இல்லை"ன்னாங்க மேடம்.

"அவளுக்கு வேலை இருக்கு."

"வேலையை விட்டா?"

"வீடு விழுந்துடும்."

இதை நான் சொல்லணும்னு நினைச்சுச் சொல்லலை, தானா வந்துடுச்சு. எனக்கே திக்குன்னு ஆயிடுச்சு. அப்புறம் எல்லாத்தையும் சொன்னேன். அம்மா வயித்துல ஒரு பாப்பா இருந்துது, எனக்குத் தம்பியோ தங்கச்சியோ. ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. வெறுங்கையோட திரும்பி வந்தாங்க. அன்னையிலேர்ந்துதான் வீட்டுல இந்த அமைதி. யாரும் யாரையும் திட்டலை. பேச்சு மட்டும் நின்னு போச்சு. நான் விட்டா இவங்க ஆளுக்கொரு பக்கம் போயிடுவாங்கன்னு எனக்குப் பயம். ராத்திரியெல்லாம் அடுத்த நாளைக்கு என்ன நல்ல வார்த்தை சொல்றதுன்னு யோசிச்சிட்டே கிடப்பேன். மேடம் இந்தத் தடவை 'ம்ம்ம்'னு கூடச் சொல்லலை.

பக்கத்து ரூம்ல என்ன நடக்குதுன்னு எனக்கு அப்பா மூலமாத்தான் தெரியும். "அந்த சார்கிட்ட, உங்கம்மாகிட்ட ஒரு விஷயம் சொல்லுங்கன்னேன். 'அவங்க உங்க பக்கத்துலதான் உட்கார்ந்திருக்காங்க'ன்னுட்டுச் சும்மா இருந்துட்டாரு. இதுக்கா இவ்வளவு படிச்சாரு?" அம்மாவும் அதே புகாரைத் தனியா வந்து சொன்னாங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பெருமை. என்ன இருந்தாலும் நம்ம சேவை மாதிரி வருமா!

அந்தப் பெருமையில மண் விழுந்துது. "அடுத்த வாரம் நாம எல்லாரும் ஒரே ரூம்ல உட்காரப் போறோம். அப்பா, அம்மா, பக்கத்து ரூம் சார், நீ, நான்"னாங்க மேடம். ரெண்டு பேரும் நேருக்கு நேர் உட்கார்ந்து, அப்பா "நீலச் சட்டை நல்லா இருக்குன்னு சொன்னியே"ன்னு கேட்டு, அம்மா "நான் எப்ப சொன்னேன்?"னு கேட்டா? நான் ஒரு வருஷமாக் கட்டின கோட்டை அப்படியே சரிஞ்சுடாதா? இருக்கிற கொஞ்ச நஞ்சமும் பொய்னு தெரிஞ்சா, அப்புறம் யாரு யாரோட இருப்பாங்க?

"கூட்டத்தை நிறுத்தச் சொல்லி அந்த சார்கிட்ட சொல்லுங்க மேடம்"னு கெஞ்சினேன்.

"நீ செய்யற வேலையை இப்ப எனக்குக் குடுக்கிறே"ன்னாங்க. "அது எவ்வளவு பாரம்னு எனக்குத் தெரியணும் போல."

இப்படிப் பேசினா கோபம் வருமா வராதா? சரி, நம்ம கையே நமக்கு உதவின்னு களத்துல இறங்கினேன். அப்பாகிட்ட போய், "அம்மாவுக்கு அன்னைக்கு ஆபீஸ்ல முக்கியமான வேலையாம், வர முடியாதாம்"னேன். அம்மாகிட்ட, "அப்பா வெளியூர் போறாராம். கூட்டம் தள்ளிப் போச்சாம்"னேன். ஒருத்தர் வரலைன்னா இன்னொருத்தரும் வர மாட்டாங்க, அவங்க குணம் எனக்குத் தெரியாதா? அன்னைக்கு நான் மட்டும் பள்ளிக்கூடத்துலேர்ந்து நேரா நடந்து போய், 'அச்சச்சோ, யாருமே வரலையா'ன்னு கேட்கிறதுக்கு முகத்தைத் தயார் பண்ணிட்டுப் படியேறினேன்.

ரெண்டு பேரும் எனக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தாங்க. அம்மா பஸ்ல வந்திருக்காங்க, அப்பா கார்ல. பெஞ்சோட இந்த முனையில ஒருத்தர், அந்த முனையில ஒருத்தர். நான் திருதிருன்னு முழிச்சேன்.

உள்ள போய் உட்கார்ந்தோம். மேடமும் சாரும் பேசுவாங்கன்னு எதிர்பார்த்தா, நம்மைவிட மோசம்! கடைசியில அப்பா தொண்டையைச் செருமினாரு. "கண்ணு, உங்கம்மாகிட்ட சொல்லு, ஃபேன் காத்து நேரா முகத்துல அடிக்குது. வேணும்னா இந்த நாற்காலிக்கு மாறிக்கட்டும்."

வாயைத் திறந்துட்டேன். பழக்கம்தானே? ஆனா எனக்கு ரொம்ப அசதியா இருந்துது. "சொல்ல மாட்டேன்"னேன்.

"பரவாயில்லைன்னு சொல்லு"ன்னாங்க அம்மா.

"அதையும் சொல்ல மாட்டேன்! நான் இதுவரைக்கும் சொன்னதெல்லாமே பொய். நீலச் சட்டை பொய். கைமணம் பொய். எல்லாம் நானே கட்டினது. போதுமா?"

இடி விழப் போகுதுன்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். இடியைக் காணோம்.

"தெரியும்"னாரு அப்பா, தரையைப் பார்த்துக்கிட்டு. "இத்தனை வருஷத்துல உங்கம்மா வாயிலேர்ந்து 'தயவுசெய்து'ன்னு ஒரு வார்த்தை வந்ததில்லை."

"எனக்கும் முதல் நாளே தெரியும்"னாங்க அம்மா. "கைமணமாம்! அந்த வார்த்தையெல்லாம் அவர் அகராதியிலேயே கிடையாது. கூட்டம் இல்லைன்னு நீ சொன்னதுமே, கூட்டம் கண்டிப்பா உண்டுன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

"அப்புறம் ஏன் என்கிட்ட கேட்கலை?"

அம்மா முந்தானையை முறுக்கினாங்க. "கேட்க நல்லா இருந்துச்சு."

எனக்கு வந்துது பாருங்க ஒரு ஆத்திரம்! "அப்ப நான்தான் லூசா? நான் தூங்காம உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையா யோசிச்சு, மாட்டிப்பேனோன்னு பயந்து பயந்து... ரெண்டு பேரும் தெரிஞ்சுக்கிட்டே நல்லாக் கேட்டு ரசிச்சீங்களா? எனக்கும்தானே பாப்பா போச்சு? என்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் ராஜினாமா! இனிமே உங்க கேஸை நீங்களே தீர்த்துக்கோங்க!" அழக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஏங்கி ஏங்கி அழுதேன். மூக்கெல்லாம் ஒழுகுது. மேடம் டிஷ்யூ டப்பாவை நகர்த்தி வெச்சாங்க.

"ரெண்டு பேரையும் பிடிச்சு நிறுத்தியிருக்கிறது நான்தான்னு அவ நினைச்சிருக்கா"ன்னாங்க மெதுவா. "கையை எடுத்தா விழுந்துடும்னு."

அம்மா நிமிர்ந்தாங்க. என்னைப் பார்த்தாங்க. அப்புறம் கழுத்தைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாங்க, நேரா.

"தொட்டிலை ஏன் கழட்டினீங்க?"

அப்பா தரையிலேர்ந்து தலையை நிமிர்த்தினாரு. "நீ ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து அதைப் பார்த்தா அழுவியேன்னு..."

"நான் அழுறதுக்குத்தான் வீட்டுக்கு வந்தேன்! ஆஸ்பத்திரியில அழ முடியலைன்னு, வீட்டுல போய் அழலாம்னு வந்தேன்! வந்தா ரூம் காலி. ஒண்ணுமே நடக்காத மாதிரி!"

"கழட்டினப்ப நான் அழுதேன். அது உனக்குத் தெரியுமா?"

"யாரு சொன்னா எனக்கு?"

யாரும் சொல்லலை. அப்பா அழுத விஷயம் எனக்கே தெரியாது. அதுக்கப்புறம் பிடிச்சுது பாருங்க சண்டை. ஒரு வருஷத்துச் சண்டை, அசலும் வட்டியுமா. ஆஸ்பத்திரியில யாரு கையெழுத்துப் போட்டா, அன்னைக்கு யாரு யாருக்குப் போன் பண்ணலை, எல்லாம். நடுவுல அப்பா கர்ச்சீஃபை எடுத்துக் கண்ணைத் துடைச்சாரு, அம்மா அதைப் பிடுங்கித் தன் கண்ணைத் துடைச்சுக்கிட்டுத் தொடர்ந்து திட்டினாங்க. வீடு எந்த நிமிஷமும் விழும்னு நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். விழலை. பக்கத்து ரூம் சார் நேரமாச்சுன்னு சொன்னது அவங்க காதுல விழவே இல்லை.

கதவு வரைக்கும் சண்டை, படியில சண்டை, கண்ணாடிக் கடை வாசல்ல சண்டை. அப்படியே அம்மா கார் முன் சீட்டுல ஏறி உட்கார்ந்தாங்க. எந்த ரோட்டுல திரும்பணும்னு அதுக்கும் ஒரு சண்டை. நான் பின் சீட்டுல, செய்ய ஒரு வேலையும் இல்லாம.

சிக்னல்ல வண்டி நின்னுது. அம்மா சட்டுனு பின்னாடி திரும்பி, "பசிக்குதா?"ன்னாங்க.

நான் அப்பா பக்கம் வாயைத் திறந்தேன். "அப்பா, உங்களுக்குப் பசிக்..."

"அவரை இல்லைடி"ன்னாங்க அம்மா. "உன்னைத்தான் கேட்கிறேன்."

கொஞ்ச நேரம் யோசிச்சுப் பார்க்க வேண்டியிருந்துது. பசிச்சுது. ரொம்பப் பசிச்சுது.