ஆவியக்காவின் புறங்கை

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளுக்கு ஆவியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. நீராவி இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் பதினோரு வருடம் நின்றவள். வெள்ளை விரிப்புகளுக்கும் நீராவி மூட்டத்துக்கும் நடுவிலிருந்து அவள் முகம் மட்டும் எட்டிப் பார்க்கும். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி அதைப் பார்த்து வீறிட்டு அலறிய நாளில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்லதுதான். பயத்துலயாவது விரிப்பைக் கிழிக்காமத் திருப்பிக் குடுப்பாங்க" என்று சிரித்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை சலவைப் பிரிவின் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மூன்று மாதத்தில் பிரிவை மூடுகிறார்கள். துணியெல்லாம் இனி வெளியே ஒரு நிறுவனத்துக்குப் போகும். விரும்புகிறவர்களை அந்த நிறுவனமே எடுத்துக்கொள்ளும். ஆனால் சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறையும், பஸ்ஸில் போகவே ஒன்றரை மணி நேரம் ஆகும்.

துணி மடிக்கும் மேஜையில் வேலை பார்த்த பெண்ணைக் கண்ணாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். "என்னக்கா இப்படி நடுத்தெருவுல விட்டுட்டாங்க?"

"மூணு மாசம் இருக்குல்ல. இன்னும் தெருவுக்கே போகல, அதுக்குள்ள நடுத்தெருவா?" என்றாள் ஆவியக்கா. வாய் அப்படிச் சொன்னதே தவிர, அன்று அவள் தேய்த்த முதல் நாலு விரிப்பும் கோணல்மாணலாக வந்தன.

வீட்டுக்காரர் பெயின்டர். மழைக்காலம் வந்தால் அவருக்கு வேலை படுத்துவிடும். கல்யாணமான மறு வருடமே ஆவியக்கா அதைப் புரிந்துகொண்டு ஒரு பழக்கம் வைத்திருந்தாள். சம்பளம் வந்ததும் மளிகைக் கடைக்குப் போவதற்கு முன்பே பத்தில் ஒரு பங்கை எடுத்துத் தனிக் கணக்கில் போட்டுவிடுவாள். மிச்சத்தில்தான் மாதம் ஓடும். அந்தக் கணக்கை வீட்டுப் பக்கத்து வங்கியில் வைக்காமல் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய கிளையில் வைத்திருந்தாள். "பக்கத்துலயே இருந்தா கை சும்மா இருக்காது. ரெண்டு பஸ் ஏறுறதுக்குள்ள பாதி ஆசை இறங்கிடும்" என்பாள். நாலு மாதம் அடுப்பெரியும் அளவுக்கு அதில் பணம் இருந்தது.

அறிவிப்பைக் கேட்டதும் வீட்டுக்காரருக்கு வேறு யோசனை வந்தது. வேலையிலிருந்து நிற்கும்போது மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார்கள். அதில் பழைய சரக்கு வேன் ஒன்றை வாங்கிவிட்டால் என்ன?

"வேன் ஓட்டத் தெரியுமா உங்களுக்கு?"

"பழகிக்க வேண்டியதுதான்."

"சரக்கு யாரு தருவா?"

"ஊருல சரக்குக்கா பஞ்சம்?"

"இருக்கிற வேன்காரங்களைக் கேட்டுப் பாருங்க, பஞ்சமா இல்லையான்னு. என்னங்க, நான் சொல்றதைக் கேளுங்க. அந்தக் காசை ஆறு மாசம் யாரும் தொட வேணாம். வேலை போன பதட்டத்துல எடுக்கிற முடிவு எதுவும் உருப்படாது. நான் முதல்ல ஏதாவது கத்துக்கிறேன். அதுவரைக்கும் சேமிச்சது நம்மைத் தாங்கும்."

"நாப்பத்திரெண்டு வயசுல என்னத்தைக் கத்துக்கப் போற?"

"அதைத்தான் நாளையிலருந்து விசாரிக்கப் போறேன்."

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் ரொம்ப நாள் வீட்டில் 'வேன்' என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் ஆவியக்கா ஆஸ்பத்திரியைச் சுற்ற ஆரம்பித்தாள். வேலை காலியிருக்கிறதா என்று எங்கேயும் கேட்கவில்லை. ஒவ்வொரு பிரிவிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: "எந்த வேலைக்கு ஆள் கிடைக்காமத் திண்டாடுறீங்க?" மருந்தகத்தில் உதட்டைப் பிதுக்கினார்கள். எக்ஸ்ரே அறையில் பதிலே சொல்லவில்லை. ஆறாம் நாள் அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, பொட்டலம் கட்டி, கிருமி நீக்கித் தருகிற பிரிவின் வாசலில் போய் நின்றாள். அங்கே பொறுப்பாளர் அம்மாள் சிடுமூஞ்சி என்று பெயர் வாங்கியவர்.

"ஆள் வேணும்தான். படிச்ச ஆள் வேணும். சாயங்கால வகுப்பு, ஆறு மாசம். பத்தாவது பாஸா நீ?"

"பாஸ்தான் மேடம்."

"கருவி பேரு மட்டும் இருநூறுக்கு மேல. எல்லாம் இங்கிலீஷ். முடியுமா?"

"முடியுமான்னு தெரியல. ஆனா நீராவி எனக்குப் புதுசு இல்ல மேடம்."

அம்மாள் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

அந்த வகுப்பு நடக்கும் பயிற்சிக் கல்லூரியில் அனுபவச் சான்றிதழ் கேட்டார்கள். ஆஸ்பத்திரி அலுவலக எழுத்தர், 'இவர் பதினோரு வருடம் துணி துவைத்தார்' என்று ஒரே வரியில் அடித்துக் கொடுத்தார்.

"இது போதாதே சார்."

"துணி துவைக்கிறதுல வேற என்னம்மா எழுதுறது?"

"தொற்று இருக்கிறவங்க துணி எந்தப் பையில வரும், எத்தனை டிகிரியில எத்தனை நிமிஷம் ஓடணும், சுத்தத் துணியும் அழுக்குத் துணியும் ஏன் ஒரே வாசல்ல போகக் கூடாது, இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா சார்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அதை எழுதுங்க. நான் சொல்றேன், நீங்க அடிங்க."

எழுத்தர் அடித்தார். முழுப் பக்கம் வந்தது. அதைக் கையில் வாங்கிப் படித்தபோது ஆவியக்காவுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனையும் நானா பார்த்தேன்? பிரிவு மூடுவதற்குள் கண்ணாடியையும் மற்றவர்களையும் அதே எழுத்தரிடம் இழுத்துக்கொண்டு போனாள். "அப்புறம் வாங்கிக்கலாம்னு இருந்தா அப்புறம் இந்த ஆளும் இருக்க மாட்டாரு, இந்த ஆபீசும் இருக்காது. கையில வாங்கிக்கிட்டுக் கிளம்புங்கடி."

சலவைப் பிரிவு மூடியதும் கண்ணாடி அந்த நிறுவனத்துக்கே போனாள். ஆவியக்கா வகுப்புக்குப் போனாள்.

வகுப்பில் மற்ற எல்லோருக்கும் இருபது, இருபத்தைந்து வயது. முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் டீச்சர் வந்துவிட்டதாக நினைத்து எழுந்து நின்றுவிட்டார்கள். அந்த மரியாதை முதல் தேர்வு வரைதான் நிலைத்தது. நூற்றுக்கு முப்பத்தொன்று. கிருமி, வெப்பம், அழுத்தம் எல்லாம் சரியாக எழுதியிருந்தாள். கருவிப் பெயர்தான் காலை வாரிவிட்டது. எல்லாமே கத்திரிக்கோல் மாதிரி, எல்லாவற்றுக்கும் இரண்டு வளையம், ஒரு வாய். எது எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டுக்கு வந்து விடைத்தாளை மேஜையில் போட்டாள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் அதைப் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா, நான் இயற்பியல்ல இருபத்தெட்டு" என்றாள். அதற்குத் தனியாக ஒரு பாட்டு விழுந்தது.

வீட்டுக்காரர் விடைத்தாளை எடுத்துப் பார்த்தார், பாடப் புத்தகத்தைப் புரட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மிச்சம் மீதி பெயின்ட் டப்பாக்களை எடுத்து வந்து சமையலறைச் சுவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"சொல்லு. முதல்ல எது?"

"மஸ்கிட்டோ ஃபோர்செப்ஸ்."

"கொசு பிடிக்கவா?"

"சின்ன ரத்தக் குழாயைப் பிடிக்க. வாய் சின்னதா இருக்கும், அதனால அந்தப் பேரு."

அவர் கை தேர்ந்த கை. கடைப் பலகையெல்லாம் எழுதிப் பழகியது. சுவரில் கருவி அச்சாக வந்தது. பக்கத்தில் ஒரு கொசுவையும் வரைந்தார். அலிஸ் என்ற இடுக்கிக்கு நுனியில் பல் இருக்கும், பாப்காக் என்பதற்கு இருக்காது என்று அவள் சொன்னதும், பாப்காக்குக்குக் கீழே 'பொக்கை வாய்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். வாரத்துக்கு இருபது கருவி. அரிசி களையும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் கண் அங்கேயே போகும். பக்கத்து வீட்டம்மா சர்க்கரை கேட்டு வந்தவள் வாசலோடு நின்றுவிட்டாள். "ஏம்மா, உள்ள என்ன ஆபரேஷனா நடக்குது?"

இறுதித் தேர்வில் எழுபத்தெட்டு. கருவிகளை அடையாளம் சொல்கிற தேர்வில் வகுப்பிலேயே அவள்தான் முதல். பொக்கை வாயைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட, தேர்வாளர் என்னம்மா என்று முறைத்தார்.

அதே ஆஸ்பத்திரியில் மூன்று மாதத் தகுதிகாண் வேலை கிடைத்தது. சேமிப்புக் கணக்கில் அப்போது மூன்று வாரச் செலவுக்குத்தான் மிச்சம். வேலையிலிருந்து நின்றபோது வந்த மொத்தத் தொகை அப்படியே இருந்தது.

இரண்டாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். நீராவி இயந்திரத்திலிருந்து பன்னிரண்டு பொட்டலங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த பட்டை சூடுபட்டுக் கறுத்திருந்தது. இயந்திரம் அச்சடித்துத் தந்த சீட்டில் வெப்பமும் நேரமும் பிசகவில்லை. தட்டில் வைத்து ஆற விட்டார்கள். ஆறியதும் ஆவியக்கா வழக்கம்போல ஒவ்வொன்றின் மேலும் புறங்கையை வைத்துக்கொண்டே வந்தாள். ஏழாவதில் கை நின்றது.

"இது ஈரம்."

மூத்த டெக்னீஷியன் வந்து தொட்டுப் பார்த்தான். "எங்க? காஞ்சுதானே இருக்கு? பட்டை கறுத்திருக்கு, சீட்டு சரியா இருக்கு. ஆபரேஷன் தியேட்டர்ல காத்துக்கிட்டு இருக்காங்க, அனுப்புங்க."

"பட்டை சூடுபட்டுச்சுன்னுதான் சொல்லும் சார். காஞ்சுச்சான்னு சொல்லாது. ஈரம் இருந்தா வெளியில இருக்கிற கிருமி உள்ள இறங்கிடும். இதை அனுப்பக் கூடாது."

"நீங்க இன்னும் தகுதிகாண்ல இருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும்."

இந்த வேலைக்காகத்தான் ஆறு மாதமாகச் சேமிப்பைக் கரைத்திருக்கிறாள். ஆனால் எட்டாவதும் ஈரம், பதினொன்றாவதும் ஈரம். பொட்டலங்களைத் தியேட்டருக்கு அனுப்பும் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டிய முறை அன்று அவளுடையது. பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

தொலைபேசி அடித்தது. அறுவை நிபுணரே பேசினார். நோயாளி தயாராக இருக்கிறார், கருவி எங்கே என்று கத்தினார். "ஒரு மணி நேரம் ஆகும் டாக்டர். இது உங்க நோயாளிக்கு ஆகாது" என்றாள். மறுமுனையில் படாரென்று வைக்கிற சத்தம் கேட்டது.

பொறுப்பாளர் அம்மாள் வேகமாக வந்தார். அவர் யாரையும் திட்டவில்லை. ஏழாவது பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்து, "பிரி" என்றார் டெக்னீஷியனிடம். அவன் பிரித்தான். உள்ளே இருந்த எஃகுத் தட்டின் ஓரத்தில், முத்து முத்தாக, தண்ணீர்.

அம்மாள் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "பன்னிரண்டும் திரும்ப. ரெண்டாவது மெஷின்ல போடு. மெக்கானிக்கைக் கூப்பிடு." நிபுணருக்கு அவரே தொலைபேசியில் பேசினார். அறுவை சிகிச்சை ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது, நல்லபடியாக முடிந்தது. மெக்கானிக் பிரித்துப் பார்த்ததில் இயந்திரத்தின் வடிகால் சல்லடையில் பஞ்சு அடைத்திருந்தது. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கியிருக்கிறது.

"எப்படித் தெரிஞ்சுது உனக்கு? எனக்கே கையில தெரியலையே" என்றார் அம்மாள்.

"பதினோரு வருஷம் ஈரத்தோடதான் குடித்தனம் மேடம். ஒரு விரிப்பு காயறதுக்கு இன்னும் அரை நிமிஷம் வேணுமா, கால் நிமிஷம் வேணுமான்னு புறங்கை சொல்லிடும். உள்ளங்கைக்கு அது தெரியாது, காப்புக் காய்ச்சிப் போச்சு."

அறுவை நிபுணர் நன்றி எதுவும் சொல்லி அனுப்பவில்லை. ஆனால் அந்த வாரக் கடைசியில் அம்மாள் பிரிவின் பணிப் புத்தகத்தைத் திறந்து, 'ஆறியபின் ஒவ்வொரு பொட்டலமும் ஈரம் பார்க்கப்பட வேண்டும். பயிற்சி கொடுப்பவர்:' என்று எழுதி, அவளுடைய முழுப் பெயரையும் எழுதினார். ஆவியக்கா அந்த வரியை மூன்று தடவை படித்தாள். டெக்னீஷியன்தான் முதலில் வந்து கற்றுக்கொண்டான். "என் கையைத் தப்பா எடுத்துக்காதீங்கக்கா, அதுக்கு இன்னும் பள்ளிக்கூடம் போகணும்" என்றான்.

வேலை நிரந்தரமானது. சலவைப் பிரிவில் வாங்கியதைவிடச் சம்பளம் கூட. முதல் சம்பளத்தன்றே இரண்டு பஸ் மாறிப் போய்ப் பத்தில் ஒரு பங்கைப் போட்டுவிட்டு வந்தாள். மொத்தத் தொகையில் பாதி மகளின் படிப்புக்கென்று வைப்பில் போனது. மீதியில் வீட்டுக்காரருக்கு ஒரு சாரமும் ஏணியும் வாங்கினார்கள். அதுவரை அவர் வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். வேனைவிட இது தேவலை என்று அவரே சொன்னார். என்ன, சொல்ல ஒரு வருடம் பிடித்தது.

அடுத்த வருடம் பயிற்சிக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. ஈரப் பொட்டலம் பற்றி மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். வீட்டுக்காரர் அன்று வேலைக்குப் போகவில்லை. தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினார். வாசலில் காவலாளி நிறுத்தியதும் நெஞ்சை நிமிர்த்தி, "நான் டீச்சரோட வீட்டுக்காரரு" என்றார். கடைசி வரிசையில் இடம் கொடுத்தார்கள்.

முன் வரிசையில் புது நோட்டுப் புத்தகத்தோடு கண்ணாடி உட்கார்ந்திருந்தாள். நிறுவனத்தில் பகல் வேலை, இங்கே சாயங்கால வகுப்பு. அன்றைக்கு அழுத கண்ணில் இன்று தூக்கம்தான் இருந்தது. ஆனாலும் பேனா தயாராக இருந்தது.

ஒரு மணி நேரம் பேசினாள் ஆவியக்கா. முடிந்ததும் பின்னாலிருந்து ஓர் இளைஞன் எழுந்தான். "மேடம், டாக்டர் போன்ல கத்தினா என்ன பண்றது?"

"கத்தட்டும். அவர் கத்துறது நோயாளிக்காக. நாம அனுப்பாம நிக்கிறதும் நோயாளிக்காகத்தான். ரெண்டு பேரும் ஒரே பக்கம்னு மனசுல வச்சுக்கிட்டா கால் நடுங்காது. ஆனா முதல்ல தொட்டுப் பாத்துட்டு நில்லுங்க. தெரியாம நிக்கிறதுக்குப் பேரு வீம்பு."

வகுப்பு சிரித்தது. கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்காமல், பெயின்ட் கறை போகாத கைகளால் தட்ட ஆரம்பித்தார்.