இருபது பொன்னாடை

நடிகர் அதிரூபன் மன்னார்க் கலையகத்துக்குள் நுழைந்தபோது ஐந்தடி பத்தங்குலம் உயரம். ஒன்றரை மணித்தியாலத்தில் ஐந்தடி போய்விட்டது. பத்தங்குலம் மிஞ்சியது.

அவர் வந்தது ‘பொம்மைப் பந்தல்’ நிகழ்ச்சிக்கு. உள்ளூர் கேபிள் ரீவியில் சனிதோறும் பாட்டு, பகிடி, பொம்மை என்று நேரடியாகப் போகிற கலவை அது. அதில் மீன்காரி மதலேனா என்ற கைப்பொம்மையை ஆட்டுகிறவன் அலெக்ஸாண்டர். குரல் அவன் மனைவி நிறஞ்சலாவினது. நிறஞ்சலா செத்துப் பத்து மாதம். அடக்கத்துக்குப் பிறகு வந்த முதல் சனிக்கிழமை அவன் பொம்மைக்குள் கையை விட்டான். குரல் வழமைபோல வந்தது. சனம் இரண்டு கிழமை கதைத்துவிட்டு விட்டது. அதே நிகழ்ச்சியில் வருகிற விதானையார் பொம்மைக்குள்ளும் முன்பு செத்துப்போன சிங்கராசாவின் குரல் ஒரு வருசம் இருந்ததுதான். ஒருநாள் அவசரத்துக்கு இன்னொரு பொம்மைக்காரன் றொட்னி அதற்குக் குரல் கொடுத்தான். அதோடு சிங்கராசா போனவர், திரும்பவில்லை. இன்னொரு ஆளின் குரல் ஏறினால் பொம்மை பழையதை விட்டுவிடும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நிகழ்ச்சியின் முதலாளி சுபாஸ்கரனுக்கும் அது தெரியும். ஆனாலும், அன்றைக்கு மதலேனாவுக்கு அதிரூபன்தான் குரல் என்றார்.

“வேற பொம்மையைக் குடுங்கோ அண்ணை,” என்றான் அலெக்ஸாண்டர்.

“விளம்பரம் தாறவன் மதலேனாவைத்தான் கேக்கிறான். செத்த ஆளை இன்னும் எத்தினை நாளைக்கு வேலைக்கு வச்சிருக்கிறது?”

அலெக்ஸாண்டர் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கதிரையில் இருந்தான். சென்னையில் மூன்று படங்களில் கதாநாயகனின் நண்பனாக வந்த அதிரூபன், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே குனிந்து பார்த்தார். “இதுக்குள்ள கை விடணுமா? தொவைச்சதா?” என்று கேட்டார்.

மன்னாரில் பொன்னாடை போர்த்தாமல் ஒரு கூட்டமும் தொடங்காது. ஒரு சங்கம் போர்த்தினால் மற்றச் சங்கமும் போர்த்தியாக வேண்டும். ஒன்றை விட்டால் அது அடுத்த பெருநாள் வரைக்கும் முகம் கொடுத்துக் கதைக்காது. சுபாஸ்கரன் ஒருவரையும் பகைக்கத் துணிவில்லாமல் எல்லாருக்கும் ஓம் சொல்லியிருந்தார். கடற்றொழிலாளர் சங்கம், நான்கு விளையாட்டுக் கழகங்கள், பாப்பாமோட்டைக் கமக்காரர், பழைய மாணவர் என்று இருபது பேர் வரிசையில் நின்றார்கள். கலைக்கடல், கலைச்சூரியன், கலையின் கடைசி நம்பிக்கை என்று ஒவ்வொருவரும் வாசித்துவிட்டுப் போர்த்த, ஒரு பொன்னாடைக்கு மூன்று அங்குலமாக அதிரூபன் குறைந்தார். உடுப்பும் கண்ணாடியும் கூடவே சிறுத்தபடியால் மானம் தப்பியது. எட்டாவதுக்குக் கதிரையில் ஏற்றினார்கள், பதினான்காவதுக்கு மேசையில். ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை, அதிரூபனும் சொல்லவில்லை. அவர் சிரித்துக்கொண்டு கழுத்தை நீட்டினார். பதினெட்டாவதோடு சுபாஸ்கரனே பயந்து, “போதும்” என்றார்.

“எங்கட சங்கத்தை மட்டும் விடுறதோ? வரிசையில கடைசியா விட்டது நீங்கள்தானே,” என்றார் வர்த்தகர் சங்கத்து முஹைதீன். அவருக்கு முன்னால் நின்றவரும் விடவில்லை. இரண்டையும் போர்த்தி முடிந்ததும் அதிரூபனைத் துணிக்குவியலுக்குள் தேடி எடுத்தார்கள்.

சுபாஸ்கரன் அவரை உள்ளங்கையில் வைத்து மைக்குக்குக் கிட்டப் பிடித்தார். நுளம்பு இரைகிற மாதிரி ஏதோ கேட்டது. ஒலிப்பதிவாளர் கையை விரித்தார். நேரம் ஆறு, நேரடி ஒளிபரப்பு தொடங்குகிற நேரம். வேறு வழியில்லாமல் சுபாஸ்கரன் அலெக்ஸாண்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அலெக்ஸாண்டர் கையை விட்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“தம்பி, மேசை ஓரத்தில நிக்காதேங்கோ,” என்றது மதலேனா, விருந்தினரைப் பார்த்து. “இங்க பூனை வாறது.” பிறகு, ஒருநாளும் செய்யாத மாதிரி, கமராவை விட்டு அவன் பக்கம் திரும்பியது. “நாலு நாளா ஒரே சேட்டு. மணக்குதப்பா. மாத்துங்கோவன்.”

சனம் சிரித்தது. அலெக்ஸாண்டர் “ஓம்” என்றான்.

வெள்ளாங்குளத்திலிருந்து ஒரே ஒரு முறைப்பாடு வந்தது, விருந்தினரின் சத்தம் காணாது என்று. மறுநாள் அதிரூபனைச் சப்பாத்துப் பெட்டியில் வைத்துக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றினார்கள். வழியனுப்ப இருபது சங்கமும் வந்திருந்தன. அலெக்ஸாண்டர் போகவில்லை. அவன் கிணற்றடியில் சேட்டுத் தோய்த்துக்கொண்டிருந்தான்.