பித்தம் ஊற்றாத பால்

வாசுவின் மருந்து டப்பாவை அடுப்புக்கு மேல் பலகையில் வைத்தது நான்தான். இரண்டே நாளில் காப்ஸ்யூல்கள் இளகி ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டன.

வாசு என் தம்பி. எட்டு வயது. கொழுப்பை உடைக்கும் நொதி அவன் கணையத்தில் சுரக்காது. பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த அந்த மருந்து பெங்களூரில்தான் கிடைக்கும். எங்களுக்கு ஆக்கிப்போடும் பாப்பம்மா அத்தைக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடும். கட்டியை என் புத்தகப் பையில் ஒளித்தேன்.

எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டை மருந்துக்கடையில் ஒரு ஜீரண காப்ஸ்யூல் இருந்தது. பூஞ்சையிலிருந்து எடுத்ததாம். அதிலும் அந்த நொதியின் பெயர், ‘லைபேஸ்’ என்றே போட்டிருந்தது. பள்ளி லேபில், சோடாவும் பிங்க் சாயமும் கலந்த பாலில் போட்டுப் பார்த்தேன். கொழுப்பு உடைந்தால் பால் புளித்து நிறம் போகும். பத்து நிமிடத்தில் வெளுத்தது. நம்பி டப்பாவில் நிரப்பினேன்.

மூன்று வாரத்தில் வாசுவுக்கு விலா எலும்பு துருத்தியது. மலத்தில் எண்ணெய் மிதந்தது. சாப்பிட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். இன்று காலை நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த நைனா, எங்கள் அப்பா, அத்தை மேல் பாய்ந்தார்.

“புள்ளைக்கி இன்னா போட்ற நீ? போண்டாவா?”

“ஆமா, வெசம் வெக்கிறேன்! உன் பொண்டாட்டி செத்ததிலேர்ந்து அதானே ஆக்கிக் கொட்றேன்!”

“திமிரப் பாரு. சாய்ந்தரத்துக்குள்ள மூட்டையக் கட்டிக்கினு கெளம்பு.”

கட்டி இருந்த பையை மாட்டிக்கொண்டு நான் கிளம்பினேன். பள்ளியில் அறிவியல் எடுக்கும் ஷைலஜா மிஸ்ஸிடம், பாலில் வேலை செய்த காப்ஸ்யூல் வயிற்றில் ஏன் செய்யவில்லை என்று யாருக்கோ போலக் கேட்டேன்.

“பித்தம் ஊத்தினியா?” என்றார். “குடல்ல பித்தம் இருக்கும்ல? நம்ம நொதிக்கு அது பழக்கம். பூஞ்சையோடது சிலது அதுல படுத்துடும்.”

கறிக்கடையில் ஆட்டுப் பித்தம் வாங்கி, லேபில் மறுபடி இரண்டு கிண்ணம் பிங்க் பால் கலந்து, இரண்டிலும் சொட்டுவிட்டேன். கடைக் காப்ஸ்யூல் போட்ட பால் பிங்காகவே நின்றது. பழைய கட்டியில் சுரண்டிப் போட்டது வெளுத்துவிட்டது. மருந்து கெட்டே போகவில்லை.

வீட்டு வாசலில் அத்தை மூட்டையோடு நின்றது. கட்டியை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். நைனா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அத்தை என் கன்னத்தில் ஓங்கி அறைந்தது.

“கத்தி எடுடி, அந்தக் கட்டியச் சொரண்டணும். மொதல்ல அவன் துன்னட்டும். அப்பறம் இருக்குது உனக்கு.”

நாளைக் காலை முதல் வண்டியில் புது மருந்து வாங்க நைனா பெங்களூர் போகிறார். வாசு தூங்குகிறான். அத்தை தூங்கவில்லை. மூட்டையையும் இன்னும் அவிழ்க்கவில்லை.