இருளாயியின் ஒப்பாரி

இருளாயி செத்துக் கிடந்தாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் ஒருத்தியும் பாடவில்லை. தாய் செத்தால் பெற்ற மகள் முதலில் குரல் எடுக்க வேண்டும், பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்துகொள்ளலாம். மலாயாவில் சுங்கை சிப்புட்டுப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் அதுதான் வழக்கம். மகள் மங்களமோ அம்மாவின் காலடியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாளே தவிர, வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு ஒப்பாரியில் ஒரு வரிகூடத் தெரியாது. இருளாயி பெற்ற பெண்ணுக்குப் பாட வராது என்றால் யார் நம்புவார்கள்?

இருளாயிக்குப் பாட்டென்றால் உயிர். ரப்பர் மரத்தைப் பாலுக்குச் சீவும்போது பாடுவாள், பால் பிடிக்கும் மங்கு கழுவும்போது பாடுவாள். இரண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே சேலையில் தூளி கட்டி மங்களத்தைப் போட்டுவிட்டு, தான் சீவும் மர வரிசையான நிரையின் அந்தக் கோடியிலிருந்தே தொண்டை கிழியத் தாலாட்டுவாள். குரல் கேட்கும்வரை பிள்ளை அழாது. பட்டணத்துக் கடையில் கிராமபோன் பாடினால் அரிசி மூட்டையைத் தலையிலிருந்து இறக்கக்கூடத் தோன்றாமல் வெயிலில் நின்று கேட்பாள். சீனக் கூத்து நடந்தால் ஒரு சொல்லும் புரியாமல் கடைசியில் நின்று தலையாட்டுவாள். சாவு விழுந்தால் அவளுக்குத்தான் முதலில் ஆள் வரும். செத்தவன் எந்த ஊர், யாரை விட்டுவிட்டுக் கப்பலேறினான் என்றெல்லாம் விசாரித்து, அவனுக்கென்றே கட்டிப் பாடுவாள். ஈவிரக்கமில்லாமல் வேலை வாங்கும் தண்டல்கூட அப்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வான்.

அந்தப் பாட்டுதான் மங்களத்துக்கு அவமானமாகிப் போனது. ஈப்போ பட்டணத்தில் ரயில்வே வேலைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெரிய வெள்ளம் வந்த வருஷம் அவள் அப்பா பத்துமலை, காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். சாவுக்கு வந்த மாமியார் காளியம்மா மாட்டுவண்டியை விட்டு இறங்குவதற்குள் மங்களம் அம்மாவை அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

“அவங்கல்லாம் வாராங்கம்மா. ஒப்பாரி கிப்பாரின்னு ஆரம்பிச்சு என் மானத்த வாங்கிறாத. சாவு வீட்டுப் பாட்டுக்காரி மகதானேன்னு என்னை இளக்காரமா பாப்பாங்க.”

இருளாயி தலையாட்டினாள். “சரி தாயீ” என்றாள். ஊரார் சாவுக்கெல்லாம் பாடியவள், கட்டிய புருஷனுக்கு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று மங்களத்துக்கு அப்பா செத்த துக்கத்தைவிட அம்மா சொன்னபடி கேட்டாளே என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

அது நடந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இப்போது அதே வாசலில் அம்மா கிடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த காளியம்மா மருமகளின் முதுகைத் தடவினாள்.

“எதாச்சும் சொல்லி அழும்மா. எங்கம்மாவுக்கு நான்தான் பாடுனேன். பாடுனாத்தான் நெஞ்சு ஆறும்.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். “உங்கப்பா செத்தப்ப உங்கம்மா பாடுவாங்கன்னு ஆசையா காத்திருந்தேன். அவ்வளவு நல்லா பாடுவாங்கன்னு சொன்னாங்க. கடைசிவரைக்கும் வாயே தொறக்கல. சரி, புருஷன் மேல பாசமில்ல போலன்னு நெனச்சிக்கிட்டேன்.”

மங்களத்துக்குச் சுரீரென்றது. யாருக்குப் பயந்து அம்மாவின் வாயை அடைத்தாளோ, அந்த மாமியாரே அம்மாவின் பாட்டுக்காகக் காத்திருந்திருக்கிறாள். போதாததற்கு, அம்மாவுக்குப் பாசமில்லை என்ற பெயர் வேறு. அதையும் மங்களம்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அந்த இடத்திலேயே செத்துப் போனால் தேவலை என்று இருந்தது.

“நான்தான் அத்தே பாடக் கூடாதுன்னு சொன்னேன்” என்றாள். எல்லோர் காதிலும் விழுந்தது.

பக்கத்து நிரையில் மரம் சீவுகிற ராக்காயி நிமிர்ந்து பார்த்தாள். “அவ எங்க பாடாம இருந்தா? காரியம் முடிஞ்சு வேலைக்கு வந்த அன்னிக்கே, காட்டுக்குள்ள போனதும் ஆரம்பிச்சிட்டா. தெனமும் அதான் பாட்டு. கேட்டுக் கேட்டு எங்க எல்லாருக்கும் பாடம். லயத்துக்கு வந்தா மட்டும் மூச்சு விட மாட்டா. நீ எப்ப வருவியோ, காதுல விழுந்திருமோன்னு பயம் அவளுக்கு.”

மங்களம் சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொருத்தியும் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாவுக்கு அம்மா பாடிய பாட்டு தோட்டத்துக்கே தெரியும், அவளைத் தவிர.

“வழக்கத்த விடு. உங்கம்மா பாட்ட நான் எடுத்துக் குடுக்கறேன், நீ பின்னால வா” என்று சொல்லி ராக்காயி மங்களத்தின் தோளைக் கட்டிக்கொண்டு தொடங்கினாள்.

“கட்டுன என்ராசா கண்மூடிப் போனபின்னே
கொட்டும் பனிக்காட்டில் கூவுறனே தன்னால...”

மங்களம் தடுமாறித் தடுமாறிப் பின்னால் சொன்னாள். குரல் கரகரத்தாலும் நின்றுபோகவில்லை. ராக்காயி அடுத்ததை எடுத்தாள்.

“பெத்தமக மேல பெருங்கோபம் கொள்ளாதே
சின்னப்புள்ள, ராசா, சொன்னதுல தப்பில்ல...”

ராக்காயி காத்திருந்தாள். பெண்களும் காத்திருந்தார்கள். அம்மா தனக்காக அப்பாவிடம் கேட்ட மன்னிப்பை எந்த வாயால் சொல்வது? மங்களம் அம்மாவின் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள்.

“பெத்தமக மேல பெருங்கோபம் கொள்ளம்மா...”

ராக்காயி திருத்தவில்லை. மற்றவர்கள் இருளாயி பாடியபடியே சேர்ந்து பாடினார்கள். மங்களம் மட்டும், பாடை தூக்கும்வரை, கோபப்படச் சொல்லியே அம்மாவைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.