ஹென்றியின் அன்பளிப்பு

காணிக்கைப் பாட்டின் இரண்டாவது சரணத்தில், பாட்டு வரிகள் ஓடும் திரை கறுத்தது. பாடற்குழுவின் பதினொரு வாய்களும் திறந்தபடியே நின்றன. கீபோர்டு மட்டும் விஷயம் தெரியாமல் இரண்டு அடி தனியாக நடந்துபோய்ப் பிறகு நின்றது.

முன்வரிசையில் ஹென்றியின் காதுமடல் சுட்டது. அந்த மானிட்டர் அவர் கொடுத்தது. அதன் முகம் பாடகர்களைப் பார்த்திருக்கும், முதுகு சபையைப் பார்த்திருக்கும். ஆகவே பெயர்ப்பட்டையை முதுகில்தான் ஒட்டவேண்டும் என்று அவரே இடம் காட்டியிருந்தார். 'அன்பளிப்பு: திரு. ஹென்றி குடும்பத்தார்.' தங்க நிறம். காரின் எண் பலகையைவிடச் சற்றே சிறியது. எட்டு மாதத்துக்கு முன் அதை ஒட்டிய அன்று பொன்னாடை, மாலை, போட்டோ எல்லாம் நடந்தன. "ஆண்டவருக்கு ரெண்டாந்தரம் குடுக்கலாமா? புத்தம் புதுசு!" என்று மைக்கில் முழங்கினார். சபை கை தட்டியது.

பட்டை அவ்வளவு பெரிதாக இருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ஹென்றி பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்தவர். பங்கில் 'மேனேஜர்' என்பார்கள், அவர் திருத்துவதில்லை. மூன்று வருஷம் முன்பு, ஓய்வுபெற்ற வாரத்தில், கழித்துப்போட்ட சாமான்களிலிருந்து இதை எடுத்துவந்தார். இன்னும் ஓடியதைக் கழித்துப்போட்டவரும் அவரே. வீசச் சொல்லி அதன் முதுகில் மார்க்கரால் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. அதன் மேல்தான் பட்டை.

பூசைக்குப் பிறகு பங்குப் பேரவை கூடியது. "ரிப்பேரா, புதுசா?" என்று கேட்டார் பாடற்குழுத் தலைவர் டெஸ்மண்ட்.

"எதுக்கு ரிப்பேர்? புதுசு நானே வாங்கித் தர்றேன்."

"பாத்தீங்களா, மேனேஜர் மனச!"

ஹென்றி அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் புத்தம் புதுசு எட்டு மாதத்தில் ஏன் படுத்தது என்று யாராவது கேட்டுவிட்டால்? "நல்ல சாமான்லா அது. யாராச்சும் வயரப் புடிச்சு இழுத்திருப்பாங்க" என்றார். பார்வை வழிதவறியதுபோல் சவுந்தரத்தின் மேல் போய் உட்கார்ந்தது. திரையில் பாட்டு வரிகளை ஓட்டுபவள் அவள். பேரவைக் குறிப்பைத் தட்டச்சு செய்து செயலாளரான ஹென்றியிடம் மாதாமாதம் கையெழுத்து வாங்குபவளும் அவளே.

சவுந்தரம் தலைகுனிந்தாள். "நாந்தாண்ணே. அவசரத்துல சில நேரம் இழுத்திருப்பேன். சாரிண்ணே. ஆனா புதுசு வேணாம். நீங்க ஆசையா வாங்கிக் குடுத்தத வீச மனசு வரல. கெலுகோர்ல ஒரு ரிப்பேர் கடை இருக்கு, நானே கொண்டுபோறேன்."

எல்லாருக்கும் நெஞ்சு நெகிழ்ந்தது. ஹென்றி பட்டையைத்தான் நினைத்தார். அவளைத் தனியாக விட முடியுமா? தன் காரிலேயே ஏற்றிப்போனார்.

கடைக்காரன் குணாளன் மானிட்டரைத் துண்டின் மேல் குப்புறக் கிடத்தி நான்கு ஸ்குரூவைக் கழற்றினான். மூடி அசையவில்லை. தங்கப் பட்டையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். "இன்னொரு ஸ்குரூ இதுக்குக் கீழ ஒளிஞ்சிருக்கு. பேரு இவ்ளோ பெருசா போட்டுட்டீங்களேண்ணே! உரிக்கட்டா?"

"வேணாம்பா, விட்டுரு. புதுசு வாங்கிக்கறேன்."

"ஒரு ஸ்குரூவுக்கா? கிழியாம எடுத்துருவேன்லா." முடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டினான். பட்டை புண் பிளாஸ்டர்போல் மெதுவாகப் பிரிந்து வந்தது.

கீழே கறுப்பு மையில் மலாய் எழுத்து: ரோசாக். புவாங். பழுது, வீசிவிடு. மூன்று வருஷம் முந்தைய தேதி. வேலிக்கதவு போன்ற முதலெழுத்துடன் ஒரு கையெழுத்து, அதற்கடியில் கம்பீரமாக இரண்டு கோடுகள்.

குணாளன் விழுந்து விழுந்து சிரித்தான். "வீசச் சொன்ன சாமானையா தூக்கிட்டு வந்தீங்க? அக்கா, யாரு இந்தப் பெரிய பாஸு? மந்திரி கணக்கா சைன் வச்சிருக்காரு!"

சவுந்தரம் சிரிக்கவில்லை. மாதாமாதம் தான் வாங்கும் கையெழுத்தின் அந்த இரண்டு கோடுகளையே பார்த்தபடி நின்றாள். அவன் மூடியைத் திறந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "தம்பி, வயர இழுத்தா இது கெட்டுப்போவுமா?"

"சேச்சே. இங்க பாருங்க, கெபாசிட்டர் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. வயசாயிருச்சு. வயருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா."

"அப்படியா" என்றாள். ஹென்றி ஏழெட்டுப் பதில்களைத் தயாராக வைத்திருந்தார். ஒன்றுக்கும் கேள்வி வரவில்லை. வேலை முடிந்ததும் பட்டையை அவளே ஒட்டினாள், ஓரத்துக்கு ஓரம் கட்டைவிரலால் அழுத்தி. திரும்பும் வழியெல்லாம் அவள் பேசியது ஒரே வாக்கியம்: "பெல்ட்டு போடுங்கண்ணே, கத்துது பாருங்க."

அடுத்த ஞாயிறு திரை கறுக்கவில்லை. கடைசிச் சரணம்வரை பாடினார்கள். டெஸ்மண்ட் மைக்கைப் பிடித்தார். "சரி பண்ணிக் குடுத்த நம்ம மேனேஜருக்கு ஒரு கைத்தட்டு! சவுந்தரக்கா, இனிமே வயர மெதுவா!"

சபை சிரித்தது. சவுந்தரமும் சிரித்தாள், பூசைக்கு வந்த இடத்தில் வேறென்ன செய்வது என்பதுபோல. டெஸ்மண்ட் மைக்கை ஹென்றியிடம் நீட்டினார். எழுந்து வாங்கினார்.

சூடுகாட்டிய பசை பலமிழந்திருந்தது. மேலே மின்விசிறி சுற்றும்போதெல்லாம் பட்டையின் கீழ்மூலை எழும்பி எழும்பி அமர்ந்தது. எழும்பும்போது இரண்டு கறுப்புக் கோடுகள் தெரிந்தன. எட்டி அழுத்தும் தூரத்தில்தான் சவுந்தரம் இருந்தாள். அவள் கை மடியிலேயே கிடந்தது.

"அந்த வயரு..." என்றார் ஹென்றி.

மூலை மறுபடி எழும்பியது, இம்முறை அமரவில்லை.